நகர மன்றத்தின் மேல் புகார்: நகர மன்றத்திடமேதான் கொடுக்க வேண்டுமா?

பத்தாம்மாடி

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய நாலறை வீடு, 10ஆம் மாடி, மூலை வீடு. போன நவம்பர் மழையில் படுக்கையறைச் சுவரில் ஈரம் பூத்தது. ஜனவரிக்குள் அலமாரியின் பின்பலகை உப்பிவிட்டது, மெத்தையில் பூசணம். இரண்டையும் தூக்கிப் போட்டாயிற்று. 1,900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நட்டம்.

பேட்டையின் பொது இடங்களைப் பராமரிக்கிற நகர மன்றத்துக்கு மூன்று முறை எழுதினேன். ஒரு முறை ஆள் வந்தார், கைப்பேசியில் நாலு படம் எடுத்தார், ஐந்து நிமிடத்தில் போய்விட்டார். இரண்டு வாரம் கழித்து ஒரே வரியில் பதில்: மேல்வீட்டுக் கசிவு, அவர்களிடம் பேசிக்கொள்ளவும். மேல்வீட்டு அத்தை பாவம், அந்த அறையில் அவருக்குத் தண்ணீர்க் குழாயே கிடையாது. மறுபடி எழுதினால் அதே அதிகாரி, அதே வரி.

எம்பியைப் பார்க்கலாம் என்றால் அவரும் நகர மன்றத்தில்தானே இருக்கிறார்? இரண்டு பக்கமும் கேட்டு விசாரிக்கிற வெளியாள் யாராவது உண்டா?

மணி_காண்டிராக்டர்

தம்பி, யாரிடம் புகார் என்பது அப்புறம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள்.

மழை இல்லாத நாட்களில் சுவர் காய்ந்து, காற்றோடு மழை அடித்த பிறகு மட்டும் ஈரம் வந்தால் வெளிச்சுவரைச் சந்தேகப்படலாம். அது பொதுச்சொத்து, நகர மன்றம்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஜன்னல் சட்டத்தின் ஓரமாக இறங்கினால் அது உங்கள் தலையில்தான், ஜன்னல் வீட்டுக்காரருடையது. சிலிக்கான் வெடித்திருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மழை வெயில் என்றில்லாமல் கூரையில் சொட்டினால் மேல்வீடு. அப்படியென்றால் வீவகவிடம் போகலாம். அவர்களுடைய உதவித் திட்டத்தில் பழுதுச் செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியை மேல்வீடும் கீழ்வீடும் ஆளுக்குக் கால் பங்காகக் கொடுக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, மழை எத்தனை மணிக்கு, விடியற்காலை பலமாக அடிக்கிற சுமத்ரா காற்றா சும்மா தூறலா. ஈரத்தின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். இருபது வருடமாகச் சுவர் பார்க்கிறேன், பென்சில் கோட்டோடு யாரும் வாதாடியதில்லை.

லண்டன்_ரிட்டன்

நீங்கள் கேட்கிற வெளியாள் இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே உள்ளூர் மன்றங்கள் மீதான புகாருக்கென்றே ஓம்பட்ஸ்மன் (குறைகேள் அதிகாரி) உண்டு, 1974ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. ஸ்காட்லாந்து, வேல்ஸ் எல்லாம் தனித்தனி. பைசா செலவில்லை.

என் பெரியம்மாவுக்காக ஒரு முறை போனேன். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் பணியாளர் வேண்டுமென்று மன்றத்திடம் கேட்டு, மதிப்பீட்டுக்கே மாதக்கணக்கில் காத்திருந்தோம். நேராக ஓம்பட்ஸ்மனிடம் போனேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதலில் மன்றத்திடம் புகார் கொடுத்து, அதன் கடைசிப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டுமாம். பிரச்சினை தெரிந்த 12 மாதத்துக்குள் வரவும் வேண்டும். அப்புறம் புகாரை எடுத்ததும் மன்றத்தின் கோப்புகளையே வரவழைத்தார்கள். ஆவணங்களைக் கேட்டு வாங்குவதில் உயர்நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கும் உண்டு.

எனக்கு அப்போது பிடிபடாதது ஒன்று. மன்றத்தின் முடிவு சரியா தப்பா என்று அவர்கள் பார்ப்பதில்லை. முடிவெடுத்த விதத்தில் தவறு உண்டா, அதனால் உங்களுக்குப் பாதிப்பு உண்டா, இந்த இரண்டைத்தான் பார்க்கிறார்கள். முறைப்படி ஆராய்ந்து எடுத்த முடிவு என்றால், நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை மாற்ற மாட்டார்கள். எங்கள் விஷயத்தில் தாமதமே தவறு என்றார்கள். மன்னிப்புக் கடிதமும் சில நூறு பவுண்டும் வந்தன.

ஓம்பட்ஸ்மன் சொல்வது பரிந்துரைதான், நீதிமன்ற உத்தரவு இல்லை. ஆனாலும் மன்றங்கள் அநேகமாக எப்போதும் கேட்டுக்கொள்கின்றன. கேட்காவிட்டால் இன்னொரு அறிக்கை வரும், கடைசியில் ஊர்ப் பத்திரிகையில் போட வேண்டிவரும்.

பத்தாம்மாடி

படிக்கவே பொறாமையாக இருக்கிறது அண்ணே. சிங்கப்பூரில் அது யார்?

தேக்கா_அக்கா

யாருமில்லை. 1966இல் தலைமை நீதிபதி வீ சொங் ஜின் தலைமையிலான அரசமைப்புச் சட்ட ஆணையம் இங்கேயும் ஓம்பட்ஸ்மன் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை.

நகர மன்றச் சட்டம் 1988இல் வந்தது. பேட்டையை நடத்தும் பொறுப்பு எம்பிகளிடம், சரியாக நடத்தாவிட்டால் குடியிருப்பாளர்கள் வாக்குச்சீட்டில் காட்டுவார்கள் என்பதுதான் அதன் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் ஒழுகுகிற சுவரை வைத்துக்கொண்டு அடுத்த தேர்தல் வரைக்கும் யார் தூங்குவது?

தேசிய வளர்ச்சி அமைச்சு மேலே இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். 2017இல் சட்டத்தைத் திருத்தி அமைச்சின் மேற்பார்வை அதிகாரத்தைக் கூட்டினார்கள், உண்மை. அது பெரும்பாலும் கணக்குவழக்கு, நிர்வாக ஒழுங்கு பற்றியது. அமைச்சு வெளியிடும் அறிக்கையில் துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாகம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு போடுவார்கள். உங்கள் மெத்தை அதில் வராது. லஞ்சம் என்றால் மட்டும் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு, அது வேறு கதை.

சும்மா_சொல்றேன்

இவ்வளவு எதற்கு? எம்பியோட மக்கள் சந்திப்புக்குப் போங்க, அவர் ஒரு கடிதம் போட்டா மறுநாளே ஆள் வருவான். என் புளோக்கில் மின்தூக்கி அப்படித்தான் சரியாச்சு.

தேக்கா_அக்கா

போகட்டும், நானும் போகச் சொல்வேன். ஆனால் மின்தூக்கி நின்றால் எல்லாருக்கும் தெரியும், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இங்கே நகர மன்றம் ஒரு முடிவு எடுத்துவிட்டது, அந்த முடிவே தப்பு என்கிறார் இவர். தன் நகர மன்றம் எடுத்த முடிவை எம்பி தானே பார்ப்பது வெளியாள் விசாரணை ஆகாதே.

பத்தாம்மாடி, ஓம்பட்ஸ்மன் இல்லாவிட்டாலும் அவர் கேட்கிற கேள்வியை நீங்களே கேட்கலாம். “ஏன் பழுதுபார்க்கவில்லை” என்று எழுதாதீர்கள். பொது மேலாளர் பெயருக்கு எழுதுங்கள்: என்றைக்குச் சோதித்தீர்கள், என்ன சோதனை, வெளிச்சுவரை யாராவது பார்த்தார்களா, மேல்வீட்டுக் கசிவு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள், மறுசோதனைக்கு வேறொருவரை அனுப்ப முடியுமா. பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள், பென்சில் கோட்டுப் படங்களை இணையுங்கள். அதே புகாரை அரசாங்கத்தின் ஒன்சர்விஸ் புகார்ச் செயலியிலும் போட்டு எண்ணை வாங்கி வையுங்கள், பின்னால் தேதியை நிரூபிக்க உதவும்.

பணத்துக்கு சிறு வழக்குத் தீர்ப்பாயம். கவனக்குறைவால் வந்த பொருள் சேதத்தையும் எடுப்பார்கள். 20,000 வெள்ளி வரை, இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டால் 30,000. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வழக்கறிஞர் கூடாது, நகர மன்றத்துக்கும் சேர்த்துத்தான். 5,000 வெள்ளிக்குள் என்றால் தனிநபருக்குக் கட்டணம் 10 வெள்ளி. முதலில் சமரசம் பேச வைப்பார்கள். ஆனால் அங்கே கவனக்குறைவை நீங்கள்தான் காட்ட வேண்டும், கோப்புகளை வரவழைத்துத் தோண்ட உங்களுக்காக யாரும் வர மாட்டார்கள். லண்டன்காரருக்குக் கிடைத்ததும் நமக்குக் கிடைக்காததும் அதுதான்.

பத்தாம்மாடி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். அக்கா சொன்னபடி ஐந்து கேள்வியும் எழுதினேன். மணி அண்ணனின் கோடு ஆறு தேதியோடு ஏறியிருந்தது, ஆறும் காற்று மழை நாள். இந்த முறை வேறு அதிகாரி வந்தார். கயிற்றில் இறங்குகிற ஆள் ஒருவர் வெளிச்சுவரைப் பார்த்தார், சுவர்ப் பலகைகள் சேரும் இடத்தில் பூச்சு பிளந்து கிடந்ததாம். அடைத்துவிட்டார்கள். முதல் தடவை என்ன சோதித்தார்கள் என்ற கேள்விக்கு மட்டும் பதிலே இல்லை.

1,900 வெள்ளிக்கு “வருந்துகிறோம், பொறுப்பேற்க இயலாது” என்று எழுதியிருக்கிறார்கள். நேற்று 10 வெள்ளி கட்டிவிட்டேன். மெத்தை ரசீது கிடைத்தது, அலமாரி ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மேல்வீட்டு அத்தைக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்து மன்னிப்புக் கேட்டாயிற்று.

மணி_காண்டிராக்டர்

சுவர் முழுசாகக் காயும் வரை சாயம் அடிக்காதீர்கள் தம்பி. கோட்டையும் அழிக்காதீர்கள், வழக்கு முடியட்டும்.