கீழத்தெரு குடும்பக் குழு: வாரிசுச் சான்றிதழ் விஷயம்

கயல்: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பம் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது. "இணைப்பு தெளிவாக இல்லை" என்று ஒரே வரி. எந்த இணைப்பு என்று போடவில்லை.

செல்வி அத்தை: அடக் கடவுளே

பாபு அத்தான்: எவ்வளவு கேட்கிறார்கள், அதைச் சொல் முதலில்

கயல்: கிராம நிர்வாக அலுவலர் விஏஓ வாயைத் திறந்து எதுவும் கேட்கவில்லை அத்தான். அவருடைய உதவியாள் தலையாரிதான் வெளியே கூட்டி வந்து, "எதிர்த்த ஜெராக்ஸ் கடையில் அஞ்சு கொடுத்துவிட்டுப் போம்மா, மேலே வருவாய் ஆய்வாளர் ஆர்ஐ வரைக்கும் போகணும்ல" என்றார்.

பெரியம்மா: ஐநூறா?

கயல்: ஐயாயிரம் பெரியம்மா

பெரியம்மா: 😡

பாபு அத்தான்: கொடுத்துத் தொலை. அலைகிற செலவு அதைவிட அதிகம்.

பெரியப்பா: யாரும் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வாரிசுச் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். நாம் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கிறோம். விஏஓ விசாரிக்கிறார், ஆர்ஐ பார்த்து மேலே அனுப்புகிறார். அந்த 60 ரூபாயோடு நம் கடமை முடிந்தது. அடுத்து சட்டம். ஊழல் தடுப்புச் சட்டம் 1988-இல் வந்தது, 2018-இல் திருத்தினார்கள். வாங்குகிற அரசு ஊழியருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. கொடுப்பதும் குற்றம். கட்டாயப்படுத்தியதால் கொடுத்தோம் என்றால் 7 நாளுக்குள் போலீஸிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நாமும் குற்றவாளி. கயல், இதைப் பத்திரமாக வைத்துக்கொள். இன்னும் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன்.

பாபு அத்தான்: பெரிய மாமா 🙏

செல்வி அத்தை: அண்ணே, இதே பேச்சைத்தான் 96-லும் பேசினீர்கள். தோப்புப் பட்டா இன்னும் நம் அப்பா பெயரிலேயே கிடக்கிறது.

பெரியப்பா: அன்றைக்கு சர்வேயர் கேட்டது 300 ரூபாய். என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. அப்பாவை வரப்பில் நிற்க வைத்துவிட்டு வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டான். அதற்கு எப்படிக் கொடுப்பது?

செல்வி அத்தை: அதனால் நஷ்டம் யாருக்கு?

பெரியம்மா: அது எதற்கு இப்போது? கருமாதிக்கு எடுத்த பெரிய இட்லிக் குண்டான் யார் வீட்டில் இருக்கிறது? சமையல்காரர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்.

செல்வி அத்தை: எங்கள் வீட்டில் இல்லை

அம்மா: இங்கேயும் இல்லை அக்கா

கயல்: அப்புறம் இன்னொன்று. அப்பாவின் அம்மா, அதாவது அப்பாயி பெயரை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்றும் சொன்னார்.

செல்வி அத்தை: என்னது? யார் சொன்னது?

செல்வி அத்தை: உங்கள் அம்மா கேட்டாளா?

கயல்: தலையாரி சொன்னார் அத்தை. அம்மா அங்கேயே முடியாது என்று சொல்லிவிட்டார்.

அம்மா: அண்ணி, அத்தை பெயர் இல்லாமல் எனக்கு ஒரு பேப்பரும் வேண்டாம்.

பெரியப்பா: இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956. மனைவி, பிள்ளைகள், பெற்ற தாய், எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். நம் அம்மா உயிரோடு இருக்கும்போது பெயரை விட்டால் அது பொய்ச் சான்றிதழ். நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போனால் நிற்காது.

செல்வி அத்தை: யாராவது என்றால்? நானா?

பெரியப்பா: பொதுவாகச் சொன்னேன் செல்வி

பாபு அத்தான்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

முரளி அண்ணா: மீட்டிங்கில் இருந்தேன், இப்போதுதான் பார்த்தேன். கயல், 1064-க்கு அடி. லஞ்ச ஒழிப்புத் துறை எண். புகார் எழுதிக் கொடுத்தால் அவர்களே ஏற்பாடு செய்வார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலீன் பவுடர் தடவித் தருவார்கள். வேறு துறை அரசு ஊழியர்கள் இரண்டு பேர் சாட்சிக்கு வருவார்கள். வாங்கிய கையை சோடியம் கார்பனேட் தண்ணீரில் விட்டால் ரோஸ் கலராக மாறும். முன்பே சொல்லிவிட்டுக் கொடுப்பதால் உன் மேல் குற்றம் வராது. அவர்களுக்காக வாங்கினால் கடைக்காரரும் மாட்டுவார்.

பாபு அத்தான்: பிடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் பட்டா மாற்ற எங்கே போவாள்? அதே தாலுகா ஆபீஸ்தானே. கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். சாட்சி சொல்ல இவள்தான் கூண்டில் ஏற வேண்டும். நீ பெங்களூரிலிருந்து போன் பண்ணிக்கொண்டிருப்பாய்.

முரளி அண்ணா: அப்படி எல்லோரும் நினைப்பதால்தான் அவர்களுக்குப் பயமில்லை அத்தான்

பாபு அத்தான்: கொள்முதல் நிலையத்துக்கு வந்து பார். 40 கிலோ மூட்டைக்கு இவ்வளவு என்று வைக்காமல் என் நெல்லை எடை போட்டதே இல்லை. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று ஓரமாகத் தள்ளுவார்கள். காசைக் கொடுத்ததும் அதே நெல்லை எடுத்துக்கொள்வார்கள். மேலே மேகம் கட்டிக்கொண்டு நிற்கும்போது எந்தச் சட்டத்தைப் பேசுவது?

பெரியம்மா: இந்த வருஷம் நெல் என்ன விலை போச்சு பாபு?

பாபு அத்தான்: அப்புறம் சொல்கிறேன் அத்தை

முரளி அண்ணா: கர்நாடகத்தில் சகாலா சட்டம் 2011-லேயே வந்துவிட்டது. குறித்த நாளுக்குள் சான்றிதழ் தராவிட்டால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும். அது அதிகாரியின் பணத்திலிருந்து போகும். தொகை சின்னதுதான், ஆனால் யார் மேஜையில் தேங்கியது என்பது பதிவாகிவிடும்.

கயல்: நான் ஒன்று சொல்கிறேன். அந்த ஜெராக்ஸ் கடையில் ஒரு நீளக் கணக்கு நோட்டு இருக்கிறது. ஊர், பெயர், பக்கத்தில் டிக். எனக்கு முன்னால் ஒரு அம்மா, ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்கு வந்தவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்தார். கடைக்காரர் எச்சில் தொட்டு எண்ணிவிட்டு, "இன்னும் இருநூறு குறையுது, சாயங்காலம் வாங்க" என்றார். ஆதரவற்றவர் என்று எழுதித் தருவதற்கே காசு. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் தம்பி தினேஷுக்கு மாதக் கடைசிக்குள் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டும். அப்பாவின் டெபாசிட்டுக்கு நாமினி இல்லை. பாங்கில் சான்றிதழ் கேட்கிறார்கள். நம் அவசரம் அவர்களுக்குத் தெரிகிறது, அதைத்தான் விற்கிறார்கள்.

செல்வி அத்தை: 😔

பெரியப்பா: ஃபீஸை நான் கட்டுகிறேன். அவசரம் இல்லை என்று ஆகிவிட்டால் அவர்களால் என்ன செய்ய முடியும்?

அம்மா: நீங்கள் மறுக்காவிட்டால் கடனாக வாங்கிக்கொள்கிறேன்

செல்வி அத்தை: பாதி நான் தருகிறேன். தம்பி பிள்ளைக்குக் கடன் என்ன கடன்

பெரியப்பா: இன்று இரவே தகவல் உரிமைச் சட்ட மனு எழுதுகிறேன். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி பொதுத் தகவல் அலுவலருக்கு. எந்த இணைப்பு தெளிவில்லை, விண்ணப்பம் எந்தத் தேதியில் யாரிடம் இருந்தது, திருப்பி அனுப்பியவர் பதவி என்ன, மூன்றே கேள்வி. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். பதில் தராவிட்டால் மேல்முறையீடு, அதையும் விளக்குகிறேன்

பெரியம்மா: விளக்க வேண்டாம், முதலில் மாத்திரை போடுங்கள்

பாபு அத்தான்: திங்கள்கிழமை காலையில் கயலோடு நானும் போகிறேன். ஆர்ஐ எனக்குப் பழக்கம். பேசிப் பார்க்கிறேன்.

பெரியப்பா: பேசுவது என்றால்?

பாபு அத்தான்: பேசுவதுதான் மாமா

முரளி அண்ணா: நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். சனிக்கிழமை உட்கார்ந்து புகாரை எழுதிவிடலாம். அதுவரை யாரும் எதுவும் கொடுக்காதீர்கள்.

பாபு அத்தான்: புகார் கொடுத்தால் நான் வந்து பேச என்ன இருக்கிறது?

கயல்: ஏதாவது ஒன்றை முடிவு பண்ணுங்கள். எப்படி இருந்தாலும் மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும். அப்பாயி ஆதார் யாரிடம் தெளிவாக இருக்கிறது?

செல்வி அத்தை: என்னிடம் இருக்கிறது. பழைய விலாசம், பரவாயில்லையா?