உருவப்படங்களுக்குப் பயனுள்ள விமர்சனம் பெறுவது எப்படி?

கேள்வி:
வணக்கம். நான் கேமராவில் எடுக்கும் உருவப்படங்களைப் பார்ப்பவர்கள் 'அருமை' என்றோ 'ஏதோ குறைகிறது' என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும்படி கருத்துக் கேட்பது எப்படி?

பதில் 1:
பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும். எதைக் காட்ட நினைத்தீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதி, ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே வரும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். கண்கள் மங்கலாக இருக்கும் படம் 85 மி.மீ. லென்ஸில் 1/30 நொடி என்ற மெதுவான வேகத்தில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தால் கை அசைந்திருக்கலாம் என்றும், 1/500 என்றால் ஃபோகஸ் மூக்கு நுனியில் விழுந்திருக்கலாம் என்றும் பார்ப்பவரால் பிரித்துச் சொல்ல முடியும்.

பதில் 2:
சரிதான், ஆனால் கருத்துச் சொல்பவருக்கும் பொறுப்பு உண்டு. 'நானாக இருந்தால் கறுப்பு வெள்ளையில் எடுத்திருப்பேன்' என்பது வெறும் ரசனை (இந்த வகைதான் அதிகம் வருகிறது). தலைக்குப் பின்னால் கம்பம் முளைத்ததுபோல் தெரிகிறது, ஓரடி இடப்புறம் நகர்ந்திருந்தால் மறைந்திருக்கும் என்பதே உதவும்.

கேட்டவர்:
நன்றி. குறை சொன்னவருக்கு உடனே விளக்கம் தரலாமா?

பதில் 1:
வேண்டாம். இருவர் தனித்தனியே ஒரே இடத்தைச் சுட்டினால், படத்தை 100% அளவில் திறந்து அந்த இடத்தை முதலில் பாருங்கள்.