புதுப்பிப்பு: ஸ்பார்க் பிளக்கின் பக்க மின்முனையைக் குறைத்த பிறகு மைலேஜ்

ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி தாவும் இரு முனைகளில், நடு மின்முனைக்கு மேல் வளைந்து பொறியை மறைக்கும் பக்க மின்முனையை, நடு மின்முனையின் விளிம்போடு நிற்கும்படி அரத்தால் தேய்த்துக் குறைத்தால் மைலேஜ் கூடுமா என்று முன்பு எழுதியதன் தொடர்ச்சி இது. ஐட்லிங் சற்றுச் சீரானது உண்மை. ஆனால் டேங்கை நிரப்பி நிரப்பிக் கணக்குப் பார்த்ததில், போக்குவரத்தாலும் ஏசியாலும் வரும் ஏற்ற இறக்கத்தைத் தாண்டி எந்தச் சேமிப்பும் தெரியவில்லை. ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு 14.7க்கு 1 என்ற காற்று–பெட்ரோல் விகிதத்தை ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) காத்துவரும் எஞ்சினில், கலவை ஏற்கெனவே தவறாமல் பற்றிக்கொண்டிருந்தால், தீப்பொறியை மறைப்பில்லாமல் விடுவதால் மிச்சமாகப் பெரிதாக ஒன்றும் இல்லை. கழற்றிப் பார்த்தபோது பீங்கான் முனை இளம்பழுப்பாக நன்றாகவே இருந்தது. தேய்த்த பக்க மின்முனையின் கூர் விளிம்போ மழுங்கி, இடைவெளி அகலத் தொடங்கியிருந்தது. அது அகன்றால் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குச் சுமை கூடும் என்பதால், கையேடு சொல்லும் புது பிளக்குகளையே ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இடைவெளி பார்த்து மாட்டிவிட்டேன்.