தங்கக் காலணி வாங்கியவருக்கும் முதல் அணியில் இடமில்லை: குற்றம் யாருடையது? (ஐவர் புனைபெயரில் நடத்தும் கால்பந்து விவாதம்)

இடதுஓரம்

2017 அக்டோபர் 28, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். ஸ்பெயின் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் ரியான் புரூஸ்டர் ஒரு கோல் போட்டார். அதன் பிறகு இங்கிலாந்தை நிறுத்த ஆளில்லை, 5-2. காலிறுதியில் ஒரு ஹாட்ரிக், அரையிறுதியில் பிரேசிலுக்கு எதிராக இன்னொன்று என மொத்தம் 8 கோல் அடித்து, அதிக கோல் போட்டவருக்கான தங்கக் காலணி வாங்கியவர் புரூஸ்டர்.

அவர் தன் கிளப்பான லிவர்பூலுக்காக, இங்கிலாந்தின் உயர்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. லோனில், அதாவது தற்காலிக இரவலாக, ஸ்வான்சிக்குப் போய் அரை சீசனில் 11 கோல் அடித்துக் காட்டியும், 2020-ல் ஷெஃபீல்டு யுனைடெட்டுக்கு விற்றுவிட்டார்கள்.

என் கட்சி இதுதான்: பெரிய கிளப்புகள் இளைஞர்களை வளர்ப்பதில்லை, இருப்பு வைக்கின்றன. லூக்காஸ் பியாசானைப் பாருங்கள். 18 வயதில் பிரேசிலிலிருந்து செல்சிக்கு வந்தார். 2012 டிசம்பரில் ஆஸ்டன் வில்லாவை 8-0 என்று நொறுக்கிய ஆட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். ஒரு பெனால்டியையும் அவரிடம் விட்டுக்கொடுத்தார்கள். கோல்கீப்பர் பிராட் குசான் தடுத்துவிட்டார். செல்சிக்காக அவர் ஆடிய ஒரே பிரீமியர் லீக் ஆட்டம் அதுதான். அதன் பிறகு மலாகா, விட்டெஸ், ஃபிராங்ஃபர்ட், ரெடிங், ஃபுல்ஹம், கியேவோ, ரியோ ஆவே என்று ஏழு ஊர் சுற்றி, 2021-ல்தான் விடுதலை. இவர் திறமை இல்லாமல் தோற்றார் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

வலைக்காவலன்

எனக்கு வரும். ஏழு கிளப், ஏழு பயிற்சியாளர்கள். அவர்களில் ஒருவராவது "இவரை எங்களுக்கே கொடுங்கள், என்ன விலையானாலும் சரி" என்று செல்சியின் கதவைத் தட்டினாரா?

கொல்கத்தாவில் ஆடிய இங்கிலாந்து அணியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதே அணியில்தான் ஃபில் ஃபோடன், மார்க் கெஹி, கானர் கேலகர், மார்கன் கிப்ஸ்-வைட், எமில் ஸ்மித் ரோ, ஹட்சன்-ஒடோய் எல்லாரும் இருந்தார்கள். ஒரே வயதுப் பிரிவிலிருந்து இத்தனை பேர் பிரீமியர் லீக்கில் ஆடினார்கள் என்றால் அது அறுவடை, பஞ்சமல்ல. நீங்கள் விளையாத ஒரு வரப்பை மட்டும் காட்டி அழுகிறீர்கள்.

இன்னொன்று. 17 வயதில் நாம் பார்ப்பது பாதி திறமை, பாதி உடல். சீக்கிரம் வளர்ந்த பையன் மெதுவாக வளரும் பையனைத் தள்ளிவிட்டு ஓடுகிறான். நாம் கை தட்டுகிறோம். ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் மிகுதியாக இருப்பதும் அதனால்தான். 22 வயதில் எல்லாரும் வளர்ந்துவிட்ட பிறகு அந்த மேல்கை போய்விடும். 1991-ல் இதே போட்டியின் சிறந்த வீரர் கானாவின் நீ லாம்ப்டே. பெரியவர்களின் ஆட்டத்தில் அந்த உயரத்தை அவர் தொடவே இல்லை. மாறாக, ஆர்சனல் சிறுவயதிலேயே வேண்டாம் என்று அனுப்பிய ஹாரி கேன் நான்கு கிளப்புகளில் லோனில் உழன்றுவிட்டு வந்து டாட்டன்ஹமில் நிலைத்தார். கதவை உடைக்கத் தெரிந்தவருக்குக் கதவு ஒரு பொருட்டல்ல.

இடதுஓரம்

உங்கள் பட்டியலை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். கெஹியை செல்சி 2021-ல் விற்றது; அவர் கிரிஸ்டல் பேலஸின் தலைவராக 2025-ல் எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கினார். ஹட்சன்-ஒடோய் நாட்டிங்ஹம் ஃபாரஸ்டுக்குப் போனார். கேலகர் அட்லெடிகோவுக்கு, ஸ்மித் ரோ ஃபுல்ஹமுக்கு, கிப்ஸ்-வைட்டும் உல்வ்ஸை விட்டு ஃபாரஸ்டுக்கு. நீங்கள் சொன்ன ஆறு பேரில், வளர்த்த கிளப்பிலேயே வேர் பிடித்தவர் ஃபோடன் மட்டும்தான். நான் கேட்ட கேள்வியே அதுதானே?

கேனைப் பற்றியும் முழுக்கதையைச் சொல்லுங்கள். 2014 இலையுதிர் காலத்தில் டாட்டன்ஹமின் மற்ற முன்கள வீரர்கள் சொல்டாடோவும் அடபயோரும் கோல் போட்டிருந்தால் பயிற்சியாளர் பொச்செட்டினோ அவரைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டார். நவம்பர் தொடக்கத்தில் வில்லா பார்க்கில் மாற்று வீரராக இறங்கி, கடைசி நிமிடத்தில் ஒரு ஃப்ரீ கிக் அடித்தார். அது தடுப்புச் சுவரில் நின்ற ஒருவர்மீது பட்டுத் திசைமாறி உள்ளே போனது. அதற்குப் பிறகுதான் லீக்கில் தொடர்ந்து தொடக்க அணியில் இடம். அவர் திறமைசாலிதான், யார் மறுத்தது? ஆனால் அந்தப் பந்து சுவரிலேயே நின்றிருந்தால் இன்னும் எத்தனை மாதம் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்?

ஆறாம் எண்

இருவரும் காயத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். கொல்கத்தாவிலிருந்து திரும்பிய மூன்றே மாதத்தில், 2018 ஜனவரியில், புரூஸ்டருக்குக் கணுக்காலிலும் முழங்காலிலும் காயம். ஓர் ஆண்டுக்கு மேல் ஆட்டமே இல்லை. வேகத்தை நம்பி ஆடும் 17 வயது முன்கள வீரருக்கு அந்த ஓர் ஆண்டு எதைக் கொண்டுபோகும் என்று யோசியுங்கள்.

ஆர்சனலின் நடுக்கள வீரர் வில்ஷியரை யாரும் தடுக்கவில்லை. 2011 பிப்ரவரியில், 19 வயதில், சாவியும் இனியெஸ்டாவும் இருந்த பார்சிலோனா நடுக்களத்துக்கு ஈடு கொடுத்தார். அடுத்த சீசன் முழுவதும் சிகிச்சை. 30 வயதில் ஓய்வு. பார்சிலோனாவின் இளம் முன்கள வீரர் அன்சு ஃபாட்டிக்கும் 2020 நவம்பரில் முழங்கால் போனது. திரும்பி வந்தபோது முதுகில் மெஸ்ஸி விட்டுச்சென்ற 10-ஆம் எண். அந்தச் சட்டையைக் கொடுக்க வேண்டும் என்ற யோசனை யாருக்கு வந்ததோ!

வலைக்காவலன்

காயம் விதிவிலக்கு, ஒப்புக்கொள்கிறேன். வாய்ப்பு விஷயத்துக்கு வருவோம். 2019-ல் செல்சிக்குப் புதிய வீரர்களை வாங்கக் கூடாது என்ற பரிமாற்றத் தடை விழுந்தது. வேறு வழியில்லாமல் பயிற்சியாளர் லாம்பார்டு, இளைஞர்களான மவுண்ட், ஆபிரகாம், டொமோரி, ரீஸ் ஜேம்ஸ் எல்லாரையும் இறக்கினார். இடதுஓரம் கேட்கும் திறந்த கதவு இதைவிட அகலமாக இருக்க முடியுமா? 2023 முடிவதற்குள் அந்த நால்வரில் மிஞ்சியவர் ஜேம்ஸ் ஒருவர்தான்.

இடதுஓரம்

போதாதவர்கள் என்பதாலா போனார்கள்? டொமோரி மிலானுக்குப் போய் அடுத்த ஆண்டே இத்தாலிய லீக் பட்டம் வென்றார். ஆபிரகாம் 2019-20-ல் லீக்கில் மட்டும் 15 கோல் போட்டவர்.

கணக்கு வழக்கைப் பாருங்கள். வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். இடையில் விற்றால் மீதி மதிப்பைக் கழித்தது போகத்தான் லாபம். கிளப்பின் சொந்த இளையோர் பயிற்சிப் பள்ளியான அகாடமியில் வளர்ந்தவருக்குப் புத்தகத்தில் மதிப்பு சுழியம். மவுண்டை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ஐந்தரைக் கோடி பவுண்டுக்கு விற்றால் கிட்டத்தட்ட அத்தனையும் லாபம் என்று எழுதலாம். நஷ்டத்துக்கு வரம்பு வைக்கும் நிதி விதிகளின் கயிறு கழுத்தை இறுக்கும்போது எந்தக் கிளப் முதலில் யாரை விற்கும்? எட்டு வயதிலிருந்து அந்தச் சட்டையைப் போட்டவரைத்தான். விதியே அப்படி ஆசை காட்டுகிறது.

ஓரக்கோடு

நிதிக் கணக்கு வராத காலத்திலும் இதே கதைதான், நண்பர்களே. போஜான் 17 வயதில் பார்சிலோனா முதல் அணிக்கு வந்து, முதல் லா லிகா சீசனிலேயே 10 கோல் போட்டார். கதவு திறந்திருந்தது, கோலும் வந்தது. உள்ளே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. 2008-ல் ஸ்பெயின் தேசிய அணி முதன்முறையாக அழைத்தபோது அவருக்கு வயிற்றுக் கோளாறு என்று வெளியே சொன்னார்கள். அது பதற்றத் தாக்குதல் என்று பத்தாண்டு கழித்து அவரே பேட்டியில் சொன்னார். அந்தக் கோடையில் யூரோ கோப்பைக்கும் போகவில்லை. ஸ்பெயின் பட்டம் வென்றது. "நாட்டுக்கு ஆட மனமில்லாதவன்" என்ற பேச்சை அந்தப் பையன்தான் சுமந்தான்.

மான்செஸ்டர் யுனைடெட்டின் மக்கேடாவை நினைத்துப் பாருங்கள். 2009 ஏப்ரல், ஓல்டு டிராஃபோர்டு, 2-2, கூடுதல் நேரம். கோலுக்கு முதுகைக் காட்டி நின்றவர் கிக்ஸின் பந்தை வாங்கி, ஒரே தொடுதலில் தடுப்பாளரைச் சுற்றித் திரும்பி, தொலைவான கம்பத்தின் ஓரமாக வளைத்து அனுப்பினார். 17 வயது, அறிமுக ஆட்டம். ஒரு வாரத்தில் சண்டர்லாண்டிலும் வெற்றி கோல். அதற்குப் பிறகு அவர் போட்ட ஒவ்வொரு கோலையும் அந்த ஒன்றோடுதான் ஒப்பிட்டார்கள். முதல் நாளே உச்சம் தொட்டவருக்கு மறுநாள் சாதாரணமாக ஆடும் உரிமை கிடைப்பதில்லை.

வலைக்காவலன்

உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று யுனைடெட்டில் ரூனி, ரொனால்டோ, பெர்பட்டோவ், டெவெஸ். மக்கேடா யாருடைய இடத்தில் ஆட வேண்டும் என்கிறீர்கள்? பயிற்சியாளருக்கு வேலை சனிக்கிழமை ஜெயிப்பது. தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியவர் அவர், அகாடமி இயக்குநர் அல்ல.

மாற்றுவீரன்

வலைக்காவலனின் கடைசி வரிதான் விஷயத்தைத் தொட்டிருக்கிறது, ஆனால் அவர் எடுக்கும் முடிவு தவறு. நான் இளையோருக்குப் பயிற்சி தருகிறவன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பையன்கள் கெடுவது பெரும்பாலும் வாய்ப்பே இல்லாததால் அல்ல, இரண்டுங்கெட்டான் நிலையால். ஓடெகார்டு 2015-ல், 16 வயதில், ரியால் மாட்ரிட்டுக்குப் போனார். பயிற்சி முதல் அணியோடு, ஆட்டம் காஸ்டியா என்ற இரண்டாம் அணியோடு. இங்கேயும் அந்நியன், அங்கேயும் அந்நியன். வீணாய்ப் போன பையன் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கிவிட்டன. பிறகு ஹீரன்வீன், விட்டெஸ், ரியால் சொசியடாட். நெதர்லாந்தில் முதலில் தடுமாற்றம்தான், ஆனால் வாரா வாரம் ஆடினார். இன்று ஆர்சனலின் தலைவர். பியாசானும் லோனில்தான் போனார், இவரும் லோனில்தான் போனார். ஒருவருக்கு அது பாதை, இன்னொருவருக்கு அது கிடங்கு. ஆடிய இடமும், அங்கே அவரை ஆட வைக்கும் அவசியம் யாருக்காவது இருந்ததா என்பதுமே வித்தியாசம்.

இடமும் முக்கியம். மைதானத்தின் ஓரத்தில் ஆடும் சிறகு வீரரைக் கடைசி இருபது நிமிடம் இறக்கிச் சோதிக்கலாம். தவறினாலும் பந்து மட்டும்தான் போகும். மையத் தடுப்பாளரை அப்படிச் சோதிக்க எந்தப் பயிற்சியாளருக்கும் தைரியம் வராது. ஐந்து மாற்று வீரர்கள் விதியும் ஆட்டம் 3-0 என்று இருக்கும் நாளில்தான் இளையவர்களுக்கு உதவுகிறது.

ஆறாம் எண்

லோனில் போனவரை அங்கேயும் பெஞ்சில் வைத்தால்? 2015-ல் நாப்ரி ஆர்சனலிலிருந்து வெஸ்ட் பிராமுக்குப் போனார். லீக்கில் ஒரே ஓர் ஆட்டம், அதுவும் மாற்று வீரராக. எங்கள் தரத்துக்கு இன்னும் வரவில்லை என்றார் மேலாளர் டோனி புலிஸ். நான்கு ஆண்டில் அதே நாப்ரி ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்குக்காக டாட்டன்ஹம் மைதானத்தில் நான்கு கோல் போட்டார், 7-2.

வலைக்காவலன்

அவர் ஜெர்மனிக்கு *போனார்*. நான் சொல்வதும் அதுதான். இடமில்லை என்று தெரிந்தால் கிளம்பு. சான்சோ 17 வயதில் மான்செஸ்டர் சிட்டியை விட்டு ஜெர்மனியின் டார்ட்மண்டுக்குப் போய்ப் பெயர் வாங்கினார்.

ஓரக்கோடு

பிறகு ஏழு கோடியே முப்பது லட்சம் பவுண்டுக்கு யுனைடெட்டுக்கு வந்து என்ன ஆனார் என்பதையும் எழுதுங்கள். சிட்டியிலேயே காத்திருந்த ஃபோடன் 2023-24-ல் பிரீமியர் லீக்கின் சிறந்த வீரர். கிளம்புவதும் மருந்தல்ல, காத்திருப்பதும் மருந்தல்ல.

இடதுஓரம்

மாற்றுவீரன் சொன்ன கிடங்கை மூடத்தான் ஃபிஃபா சர்வதேச லோன்களுக்கு வரம்பு கொண்டுவந்தது. 2022-ல் எட்டு பேர், 2024 முதல் ஆறு பேர். ஆனால் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கிளப்பே வளர்த்தவர்களுக்கும் விலக்கு. யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவர்களையே வெளியே விட்டுவிட்டார்கள்.

வலைக்காவலன்

அவர்களையும் வரம்புக்குள் கொண்டுவந்தால், லோனில் அனுப்ப இடமில்லாத 19 வயதுப் பையன் இளையோர் அணியிலேயே முடங்குவான், அல்லது கையில் ஒரு கடிதத்தோடு வீட்டுக்குப் போவான். அதுவா உங்கள் தீர்வு?

மாற்றுவீரன்

வரம்பு வேண்டாம். லோன் ஒப்பந்தத்திலேயே ஆட்ட நேரத்தை எழுதட்டும்: இத்தனை ஆட்டத்துக்குக் குறைந்தால் லோனில் வாங்கிய கிளப் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும் என்று. இப்போதே சில கிளப்புகள் அப்படி எழுதிக்கொள்கின்றன. அதை விருப்பமாக விடாமல் எல்லா லோனுக்கும் கட்டாயமாக்கச் சொல்கிறேன். பெஞ்சில் உட்கார வைக்கக் காசு கொடுக்க வேண்டும் என்றால், ஆட வைக்க உத்தேசம் இல்லாத மேலாளர் அந்தப் பையனைக் கேட்கவே மாட்டார்.

வலைக்காவலன்

கட்டணத்துக்குப் பயந்து, தயாராகாத பையனை இறக்கி, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் கிளப்பின் ரசிகர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.