டிரம் தண்ணீரைக் கொட்ட மனசில்லை, கொசுவும் விடவில்லை

தங்கச்சிமடத்துக்காரி:
எங்கள் தெருக் குழாயில் வாரத்துக்கு ஒருநாள்தான் தண்ணீர். வருகிற அன்று நான்கு டிரம், ஒரு சிமெண்ட் தொட்டி, குடங்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிடுவோம். போன வாரம் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல், ஒன்றுக்கு டெங்கு. கொசுப்புழு சோதனைக்கு வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "புழு கிடக்கு" என்று 200 லிட்டர் டிரம்மை அப்படியே மணலில் கவிழ்த்துவிட்டார். அழுகையே வந்துவிட்டது. தண்ணீரைக் கொட்டாமல் புழுவை ஒழிக்க வழியே இல்லையா?

உச்சிப்புளி ராசா:
புகை அடிக்கச் சொல்லுங்கள் அக்கா. சாயங்காலம் நொச்சி இலை மூட்டமும் போடலாம்.

மண்டபம் சித்தி:
தம்பி, புகை பறக்கிற கொசுவுக்குத்தான். டிரம்முக்குள் இருக்கிற புழுவை அது ஒன்றும் செய்யாது. டெங்குக் கொசு கடிப்பதும் பகலில், சாயங்கால மூட்டத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

நான் ஆறு வருஷம் கொசுப்புழுவைக் கொல்கிற அபேட் மருந்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவள். கேளும்மா, தண்ணீரைக் கொட்ட வேண்டாம். பழைய வேட்டியை நான்காக மடித்துக் காலி டிரம்மின் வாயில் கட்டி, அதன் வழியாக ஊற்று. புழுவும் கூட்டுப்புழுவும் துணியில் தங்கிவிடும். துணியை வெயிலில் காய்ந்த மணலில் உதறு, சாக்கடையில் உதறாதே.

இதோடு விட்டால் பாதி வேலைதான். டெங்குக் கொசு முட்டை வைப்பது டிரம்மின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. கருப்பட்டித் தூள் ஒட்டினது போலக் கறுப்பாக இருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால் டிரம் காலியாகிறபோதே தேங்காய் நாரும் சோப்புத்தூளும் போட்டு அழுத்தித் தேய்த்துக் கழுவு. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்தால் சரியாக இருக்கும். தேய்த்தபின் வேட்டித் துணியால் மூடி, சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி இறுக்கிவிடு. பிளாஸ்டிக் மூடியில் விரலளவு இடைவெளி இருந்தாலே கொசு நுழையப் போதும்.

வீட்டோடு முடிகிற விஷயமும் இல்லை. படகுத் துறையில் படகு உரசாமல் தொங்கவிடுகிற டயர், கரையேற்றிய வள்ளத்தில் தேங்கின மழைத்தண்ணீர், உடைந்த ஐஸ் பெட்டி எல்லாம் பாருங்கள். டயரின் அடியில் ஓட்டை போட்டால் தண்ணீர் நிற்காது. சவுக்குத் தோப்பில் தண்ணீர் ஊற்றத் தோண்டுகிற குழி வேறு கதை: அந்தத் தெளிந்த தண்ணீரில் வளர்வது மலேரியாக் கொசு. அதற்குப் புழுவைத் தின்கிற கம்பூசியா மீன் விடுவோம்.

காய்ச்சல் பிள்ளைக்குப் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டாம். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று அசந்துவிடாதே, அப்போதுதான் ஆபத்து. வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு.

பாம்பன் தண்டல்:
சித்தி மலேரியா என்றதும் ஞாபகம் வந்தது. மங்களூருக்குப் படகு வேலைக்குப் போய், வரும்போது குளிர்காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தேன். மூன்று நாள் மாத்திரையில் காய்ச்சல் விட்டது. மீதி 14 நாள் மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டேன். மூன்று மாதம் கழித்து நடுக்கடலில் திரும்பவும் நடுக்கம்! கிருமி ஈரலில் தூங்கிக்கொண்டிருக்கும், அதை அழிக்கத்தான் அந்த 14 நாள் என்று அப்புறம்தான் சொன்னார்கள். வெளியூர் போய் வந்தவனுக்குக் காய்ச்சல் வந்தால் ரத்தம் எடுத்துப் பார்ப்பது அவனுக்காக மட்டுமில்லை, அவனைக் கடித்த கொசு அடுத்த வீட்டுக்கும் போகும்.

தங்கச்சிமடத்துக்காரி:
சித்தி, நேற்று வேட்டியில் வடிகட்டினேன். துணியில் நெளிந்ததை மாமியார் உட்கார்ந்து எண்ணினார், முப்பதுக்கு மேல் போனதும் எழுந்து போய்விட்டார். இப்போது தெருவில் எட்டு வீட்டில் டியூப் வளையம் மாட்டியாகிவிட்டது. பூட்டிக் கிடக்கிற பக்கத்து வீட்டு முற்றத்தில் ஒரு தொட்டி தெரிகிறது, வீட்டுக்காரர் கேரளாவில் தொழிலுக்குப் போயிருக்கிறார். சாவி அவருடைய அக்காவிடம் இருக்கிறதாம், சாயங்காலம் போய் வாங்கிவருகிறேன்.