ஒரு கட்டம் அடைபட்டால் செவ்வகம் வைக்கும் வழிகள்: என் கணக்கு சில இடங்களில் உதைக்கிறது, உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். 6 நிரை, 8 நிரல் உள்ள ஒரு கட்டப்பலகை. 2 கட்டம் உயரமும் 3 கட்டம் அகலமும் உள்ள செவ்வகத்தை அதில் எத்தனை இடங்களில் வைக்கலாம் என்று எண்ண வேண்டும். செவ்வகத்தைத் திருப்பக் கூடாது. ஒரே ஒரு கட்டம் அடைபட்டிருக்கிறது, அதன் மேல் செவ்வகம் விழக் கூடாது.

அடைப்பே இல்லையென்றால் (6−2+1) × (8−3+1) = 30. செவ்வகத்துக்குள் 6 கட்டங்கள். அடைபட்ட கட்டம் அந்த ஆறில் எதுவாகவும் வரலாம், ஆகவே 6 இடங்கள் கெடும், மீதி 24 என்று எடுத்துக்கொண்டேன். 3ஆம் நிரை, 4ஆம் நிரலில் அடைப்பு இருந்தால் இது சரியாக வருகிறது. 1ஆம் நிரை, 2ஆம் நிரலுக்கு மாற்றி, பைத்தானில் ஒவ்வோர் இடமாக வைத்துப் பார்த்தால் 28 வருகிறது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது. தப்பு புரோகிராமிலா, கணக்கிலா?

பதில் 1:
புரோகிராம் சரி, கணக்கில்தான் தப்பு. அடைபட்ட கட்டம் மேல் ஓரத்தில் இருக்கிறது. அது செவ்வகத்தின் கீழ் வரிசையில் வர வேண்டுமானால் செவ்வகம் பலகைக்கு வெளியே நீட்ட வேண்டும். அந்த இடங்கள் 30இல் இல்லவே இல்லை. இல்லாததையும் சேர்த்துக் கழித்திருக்கிறீர்கள். ஓரக் கட்டங்களைத் தனியாகக் கவனியுங்கள்.

கேட்டவர்:
நன்றி. ஓரத்துக்கென்று தனி நிபந்தனை போட்டேன். அப்புறம் 5 உயரம், 7 அகலம் உள்ள செவ்வகத்தை முயன்றேன், அடைப்பு நடுவில், 3ஆம் நிரை 4ஆம் நிரல். விடை −31! இந்தக் கட்டம் ஓரத்தில் இல்லையே?

பதில் 2:
தம்பி, ஓரம், நடு என்று பிரித்தால் இப்படித்தான் மாட்டும். பெரிய செவ்வகத்துக்கு எல்லாக் கட்டமும் ஓரம் போலத்தான். நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன், பிள்ளைகளுக்குச் சொல்வதையே சொல்கிறேன்: செவ்வகத்தை மறந்துவிட்டு அதன் இடது மேல் மூலை எங்கே உட்காரலாம் என்று மட்டும் பாருங்கள்.

அடைப்பு வ-ஆம் நிரையில், செவ்வகத்தின் உயரம் உ என்று வைப்போம். அடைப்பை மூட வேண்டுமானால் மூலை இருக்கும் நிரை, வ−உ+1 முதல் வ வரைதான். பலகைக்குள் நிற்க வேண்டுமானால் 1 முதல் 6−உ+1 வரை. இரண்டுக்கும் பொதுவான நிரைகளை எண்ணுங்கள். நிரலுக்கும் இதே வேலை. இரண்டையும் பெருக்கினால் கெட்டுப்போகும் இடங்கள்.

உங்கள் முதல் கணக்கில் நிரைக்கு 1, நிரலுக்கு 2, ஆகக் கெடுவது 2. 30−2 = 28. இரண்டாவதில் மொத்தமே 2×2 = 4 இடங்கள்தான், நாலும் அந்தக் கட்டத்தை மூடுகின்றன. விடை 0. நீங்கள் 4இல் இருந்து 35ஐக் கழித்தீர்கள்.

பதில் 3:
சரிபார்க்க வேறொரு வழி. அடைப்பைத் தொடாத செவ்வகம் முழுக்க அதற்கு மேலே, கீழே, இடப்பக்கம், வலப்பக்கம் என்று ஏதாவதொன்றில் இருந்தாக வேண்டும். 28 வந்த கணக்கில் மேலே இடமே இல்லை, இடப்பக்கம் ஒரு நிரல்தான், அதில் அகலம் 3 கொள்ளாது. கீழே 5×8 பகுதியில் 24, வலப்பக்கம் 6×6 பகுதியில் 20. கீழ்-வலது மூலையில் இருக்கும் 5×6 பகுதி இரண்டிலும் எண்ணப்பட்டிருப்பதால் 16ஐக் கழிக்க வேண்டும். 44−16 = 28.

கேட்டவர்:
ஐயா, மூலையை மட்டும் பார்ப்பது பளிச்சென்று புரிந்தது. எல்லா அளவுச் செவ்வகங்களையும் சேர்த்து எண்ண வேண்டுமானால் ஒவ்வோர் அளவுக்கும் இதைச் செய்து கூட்ட வேண்டுமா?

பதில் 2:
வேண்டாம், அது இன்னும் சுலபம். 7 கிடைக்கோடுகளில் இரண்டு, 9 செங்குத்துக்கோடுகளில் இரண்டு: 21 × 36 = 756. அடைப்பு 1ஆம் நிரை, 2ஆம் நிரல் என்றால், அதற்கு மேலே 1 கோடு, கீழே 6, இடப்பக்கம் 2, வலப்பக்கம் 7. அதை மூடுபவை 1×6×2×7 = 84. மீதி 672.

பதில் 3:
அடைப்பு இரண்டானால் ஒவ்வொன்றும் கெடுப்பதைக் கழித்துவிட்டு, இரண்டையும் சேர்த்து மூடுபவற்றைத் திரும்பக் கூட்டுங்கள். 2×3 கணக்கிலேயே 2ஆம் நிரை, 3ஆம் நிரலையும் அடைத்தால் 30−2−6+2 = 24. அடைப்புகள் நிறைய என்றால் இது கட்டுப்படியாகாது. அப்போது இடது மேல் மூலையிலிருந்து ஒவ்வொரு கட்டம் வரை எத்தனை அடைப்புகள் என்று ஒருமுறை கூட்டி வைத்துக்கொண்டால், எந்தச் செவ்வகத்துக்குள்ளும் அடைப்பு உண்டா என்று நாலே எண்களை வைத்துச் சொல்லிவிடலாம்.

கேட்டவர்:
பலகையின் 48 கட்டங்களிலும் அடைப்பை மாற்றி மாற்றி வைத்து, எல்லா அளவுகளுக்கும் ஓட்டிவிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. மூவருக்கும் மனமார்ந்த நன்றி.