போட்டிக்கு முந்தின நாள் வரும் வயிற்றுவலி: உங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறதா?

என் மகனுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையில் சேர்த்தேன். கூச்ச சுபாவம். யாராவது தள்ளிவிட்டால் அப்படியே நிற்பான். அதற்காகத்தான் சேர்த்தேன். முதல் ஒரு வருஷம் அவ்வளவு சந்தோஷமாகப் போனான். வீட்டுக்குள் நடக்கும்போதுகூட காற்றில் உதைத்துக்கொண்டேதான் நடப்பான்.

எட்டு வயதில் ஒரு மெடல் வாங்கினான். மாறியது அவன் இல்லை, நான்தான். வாரம் இரண்டு நாள் வகுப்பு ஆறு நாளானது. ஞாயிற்றுக்கிழமை தனிப் பயிற்சி வேறு. உடம்பில் உதைத்தால் 2 பாயின்ட், தலையில் உதைத்தால் 3, சுழன்று உதைத்தால் அதற்கும் மேல். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். போட்டி நடக்கும் மெத்தை விரிப்புக்கு, அதாவது மேட்டுக்கு, வெளியே நின்று "தலைக்கு, தலைக்கு" என்று தொண்டை கட்டும்வரை கத்தியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு போட்டி. என் மகன் உதைத்த உதையில் எதிரே நின்ற பையன் உட்கார்ந்துவிட்டான். ஹெட் கார்டு (தலைக்கவசம்) ஒரு பக்கம் திரும்பி, கண் பாதி மறைந்திருந்தது. அவன் அப்பா ஓடிவந்து குனிந்தார். எங்கே வலிக்கிறது என்று கேட்பார் என நினைத்தேன். "எந்திரிடா, இன்னும் நாற்பது செகண்ட் இருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின போட்டியில் இதே வார்த்தையை நான் என் பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின நாள் அவனுக்கு வயிற்றுவலி வரும். நடிக்கிறான் என்று திட்டியிருக்கிறேன். பயத்தில் வருவதும் உண்மையான வலிதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உறைத்தது. போட்டியை நிறுத்திவிடலாமா? நிறுத்தினால் எதையும் பாதியில் விடுகிற பழக்கம் வந்துவிடுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

* * *

அண்ணா, உங்கள் மகன் இருக்கும் இடத்தில் நான் இருந்திருக்கிறேன். எனக்கு ஜூடோ, எதிராளியைப் பிடித்துத் தூக்கிப் போடும் ஜப்பானியக் கலை. இப்போது வயது முப்பத்தொன்று.

பதினோரு வயதில் எடை குறைக்கச் சொன்னார்கள். எடையை வைத்துத்தான் போட்டிப் பிரிவு, ஒரு பிரிவு கீழே இறங்கினால் ஜெயித்துவிடலாம் என்று கணக்கு. போட்டிக்கு இரண்டு நாள் முன்பிருந்து சாப்பாடு கொஞ்சம்தான், கடைசி நாள் தண்ணீரும் கிடையாது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கயிறு குதிப்பேன். பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பேன், அதுவும் எடைதானே. அம்மா தராசுப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு நூறு கிராமுக்கும் என்னைத் தட்டிக்கொடுப்பார். ஒரு தடவை பாத்ரூமில் மயங்கி விழுந்தேன். முழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எடை சரியாயிடுச்சாம்மா?"

1997இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் இப்படி எடை குறைக்கப் போய், சுமார் ஒரு மாத இடைவெளியில் இறந்தார்கள் என்பதைப் பிற்பாடு படித்தேன். அதன் பிறகுதான் அங்கே விதிகளையே மாற்றினார்கள். அவர்கள் வளர்ந்த ஆண்கள். எனக்குப் பதினோரு வயது.

ஜூடோ பிறந்த ஜப்பானில், 2022இல் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கான தேசிய தனிநபர் போட்டியையே ஜூடோ சம்மேளனம் நிறுத்திவிட்டது. சின்னப் பிள்ளைகளை எடை குறைக்க வைக்கிறார்கள், பெற்றோரும் பயிற்சியாளரும் ரெஃப்ரியைப் பார்த்துக் கத்துகிறார்கள், ஜெயிப்பது மட்டுமே முக்கியமாகிவிட்டது என்பதுதான் காரணம். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அன்றைக்கு அழுதேன். சந்தோஷத்திலா வருத்தத்திலா என்று தெரியவில்லை.

அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. சொன்னால் அம்மா முகம் வாடிப்போகும். அதைப் பார்ப்பதைவிட மேட்டில் விழுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அண்ணா, உங்கள் மகனுக்கு வாய் வரவில்லை, அதனால் வயிறு பேசுகிறது. பாதியில் விடுகிற பழக்கம் வந்துவிடுமோ என்று தயவுசெய்து பயப்படாதீர்கள்.

* * *

இருபது வருஷமாகக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

சேர்ந்த இரண்டாவது மாதமே "மாஸ்டர், ஃபைட் எப்போ?" என்று பெற்றோர் கேட்பார்கள். குழந்தைக்கு இன்னும் சரியாக விழக்கூடத் தெரிந்திருக்காது. முதலில் சொல்லித்தர வேண்டியதே விழுவதுதான். சின்னக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிசு, கழுத்துத் தசை பலவீனம். பெரியவர்கள் தாங்கும் அடியை அந்தக் கழுத்து தாங்காது. ஹெட் கார்டு போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். தோல் கிழியாமல் அது காப்பாற்றும். உள்ளே மூளை குலுங்குவதை அது நிறுத்தாது. குத்துச்சண்டையில் தலையை அடிப்பதே நோக்கம் என்பதால், பிள்ளைகளுக்கு அது வேண்டாம் என்று அமெரிக்க, கனடிய குழந்தை மருத்துவர் சங்கங்கள் 2011இல் சேர்ந்தே சொல்லிவிட்டன.

2021இல் தைவானில் ஏழு வயதுப் பையன் ஒருவனை ஜூடோ வகுப்பில் திரும்பத் திரும்பத் தூக்கிப் போட்டார்கள், இருபது தடவைக்கு மேல். தலை வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். கோமாவுக்குப் போய், இரண்டு மாதத்துக்குப் பிறகு இறந்துவிட்டான். உறவினர் ஒருவர் அங்கேயே இருந்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. மாஸ்டருக்குக் குறுக்கே எப்படிப் பேசுவது என்ற தயக்கம் எவ்வளவு பெரியது என்று இந்தப் பக்கம் நிற்கும் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், குறுக்கே வாருங்கள். உங்கள் பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் எழுந்து மேட்டுக்குள்ளேயே வாருங்கள். ஒழுங்கான மாஸ்டர் யாரும் கோபப்பட மாட்டார்.

தலையில் பலமாக அடிபட்டு, அப்புறம் தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம், சொன்னதையே திரும்பச் சொல்வது என்று எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். அவர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் (ஜோடியாகச் செய்யும் சண்டைப் பயிற்சி) கிடையாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுவதுதான் உயிருக்கே ஆபத்து.

அப்புறம் பயிற்சி நேரம். விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. பிள்ளைக்கு எத்தனை வயதோ, ஒழுங்குபடுத்திய பயிற்சி வாரத்துக்கு அத்தனை மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாளாவது முழு ஓய்வு வேண்டும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் எடுத்துக்கொண்டீர்கள், அண்ணா.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பல வருஷம் நானும் வாயைத் திறக்கவில்லை. போட்டிக்கு அனுப்ப மாட்டேன் என்றால் வேறு வகுப்புக்கு மாற்றிவிடுவார்களே என்று பயம். அப்படி நான் அனுப்பிய ஒரு சிறுவனுக்கு மணிக்கட்டு எலும்பில், வளரும் இடத்தில் அடிபட்டது. குணமாகிவிட்டது. ஆனால் அவன் திரும்ப வரவே இல்லை.

* * *

என் மகள் விஷயம் வேறு மாதிரி, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயது, மல்யுத்தம். போட்டி வேண்டாம் என்று நான் சொன்னால் இரண்டு நாள் பேச மாட்டாள். எனக்கு முன்னால் பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பாள். தோற்றால் அழுவாள், அழுது முடித்ததும் அந்தப் பிடியை எப்படி விடுவிப்பது என்று என் கையைப் பிடித்தே செய்து பார்ப்பாள். இப்படிப்பட்ட பிள்ளையைத் தடுக்கவும் எனக்கு மனசு வரவில்லை. ஒரே நிபந்தனை, எடை குறைக்கவே கூடாது. இருக்கிற எடையில் எந்தப் பிரிவோ அதில்தான்.

* * *

முதலில் எழுதியவன்தான். மூன்று பேருக்கும் நன்றி. தங்கச்சி எழுதியதை என் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம், ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை.

அடுத்த போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரைத் திரும்ப வாங்கிவிட்டேன். ஞாயிறு பயிற்சியும் இல்லை. நேற்று இரவு அவனிடம் சொன்னேன். குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "உனக்குக் கோபமாப்பா?" என்றான். இல்லை என்றேன். நம்பவில்லை போல, இன்னொரு தடவையும் கேட்டான். அப்புறம் மெதுவாக, "அப்போ செவ்வாய்க்கிழமை கிளாஸுக்கு மட்டும் போகலாமா? அன்னைக்கு ஜம்ப் கிக் சொல்லித்தர்றாங்க" என்றான்.